இறாலுக்கு ஊசி கேட்பவர்களுக்கு

மாரி தொடங்கி மட்டக்களப்பு வாவித் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை, எடுப்பதற்கு முன்பே என்னால் சொல்லிவிட முடியும். "நேற்று வரைக்கும் நன்றாகத் தீனி எடுத்தன. இன்று கரையோரம் வந்து ஒதுங்குகின்றன. தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. என்ன மருந்து போடலாம்?" சென்ற கிழமை வந்த அழைப்பு இதற்கும் ஒரு படி மேலே. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் இறால் வளர்க்கும் பெரியவர் ஒருவர். நோர்வேயில் சல்மன் மீனுக்கு வரிசையாக ஊசி போடும் காணொளியைப் பேரன் காட்டினானாம். "மனே, அவர்கள் மீனுக்கே தடுப்பூசி போடுகிறார்கள். நம்முடைய இறாலுக்கு ஏன் ஒன்றும் தருகிறீர்கள் இல்லை?" என்று கேட்டார். அதற்கு முதல் நாளே கோழி மருந்து விற்கும் கடையில் ஒக்சிடெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கை வாங்கித் தீனியில் கலந்து கொடுத்தும் முடித்திருந்தார்.

கேள்வியில் தவறில்லை. அந்தத் தீனி வாளிதான் என்னைக் கோபப்படுத்தியது. எத்தனை தடவை சொல்வது? வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருகிறது. அன்டிபயோட்டிக் பற்றீரியாவுக்கு உரியது. பற்றீரியாவுக்குச் சொந்தமாக ஒரு சுவர் இருக்கிறது, தன் புரதத்தைத் தானே செய்துகொள்ளும் பொறி இருக்கிறது. மருந்து போய் அடிப்பது அவற்றைத்தான். வைரஸுக்கு இரண்டுமே இல்லை. அது இறாலின் கலத்துக்குள் புகுந்து, இறாலின் பொறியையே பிடித்துத் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. கதவே இல்லாத இடத்தில் சாவியைத் திருப்பி என்ன பயன்? கூடுதலாகப் போட்டால் கேட்கும், வெளிநாட்டு மருந்து என்றால் கேட்கும், இரண்டைக் கலந்தால் கேட்கும் என்று எவர் சொன்னாலும், சொல்பவர் அநேகமாக அதை விற்பவராகத்தான் இருப்பார்.

"போட்டவுடன் சாவு குறைந்ததே" என்பார்கள். குறையும். புள்ளி தெரிந்து மூன்று முதல் பத்து நாளுக்குள் குளத்தில் உள்ளவற்றில் பெரும்பகுதி செத்துவிடும். சில குளங்களில் ஒன்றும் மிஞ்சாது. ஐந்தாம் நாள் மருந்து போட்டால் ஏழாம் நாள் சாவு குறைவது, சாக வேண்டியவை செத்துவிட்டதால். இடையில் வெயில் எறித்துத் தண்ணீர் 32 பாகை செல்சியஸைத் தாண்டினாலும் நோயின் வேகம் தணியும். அந்தப் புண்ணியமும் மருந்துக் கடைக்காரருக்கே போய்ச் சேர்கிறது. ஆக, மருந்து செய்தது ஒன்றே ஒன்று: மிஞ்சிய இறாலின் தசையில் எச்சமாகத் தங்கியது. குளோரம்பெனிக்கோல், நைட்ரோபியூரான் போன்றவற்றின் எச்சம் ஏற்றுமதிச் சரக்கில் அகப்பட்டால் ஐரோப்பியச் சந்தை அதை ஏற்காது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அவற்றைக் கொடுப்பதே அங்கே தடை.

இனி அந்தக் காணொளிக்கு வருகிறேன். அது உண்மைதான். சல்மன் குஞ்சை மயக்கி, வயிற்றறைக்குள் ஊசி போட்டு, சில வாரம் கழித்தே கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். மீன் முதுகெலும்புள்ள உயிர். நம்மைப்போலவே பிறபொருளெதிரிகளை, அதாவது குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதங்களைச் சுரக்கும். ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும். உடற்சூடு தண்ணீரைப் பொறுத்தது என்பதால் அந்த நினைவு படிவதற்கு நாள் பிடிக்கும். பல தடுப்பூசிகளுக்கு 500 பாகை-நாள் (தண்ணீரின் வெப்பத்தை நாள் கணக்கால் பெருக்கியது) என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்; 10 பாகைத் தண்ணீரில் அது 50 நாள். 1987 இல் நோர்வேயின் மீன் பண்ணைகள் ஏறத்தாழ 50 தொன் அன்டிபயோட்டிக் பயன்படுத்தின. பத்தாண்டுக்குள் அது ஓரிரண்டு தொன்னுக்கு இறங்கியது, உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. முதன்மைக் காரணம் ஊசிதான்.

ஆனால் அந்தப் பெருவெற்றி பற்றீரியா நோய்களின் மீது கிடைத்தது. வைரஸ் விடயத்தில் சல்மன்காரர்களும் நம்மைப்போல் அடிபட்டவர்களே. சல்மனுக்கு வரும் தொற்று இரத்தச்சோகை 1984 இல் நோர்வேயில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நமக்குக் காய்ச்சல் தரும் இன்புளுவென்சாவின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் அது. 2007 இல் சிலியில் பரவத் தொடங்கி, அந்நாட்டுச் சல்மன் தொழிலையே சாய்த்து ஆயிரக்கணக்கானோரின் வேலையைப் பறித்தது. அதற்கும், சல்மனின் இன்னொரு வைரஸ் நோயான கணைய நோய்க்கும் தடுப்பூசி உண்டு. முழுக் காப்பு இல்லை, இழப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். வட அத்திலாந்திக்கிலுள்ள பாரோ தீவுகளில் அந்த இரத்தச்சோகை வந்தபோது ஊசியோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரு குடாவில் ஒரே வயது மீன் மட்டும், அறுவடை முடிந்தால் குடா முழுவதும் வெறுமையாகக் கிடந்து ஓய வேண்டும் என்று சட்டம் கட்டினார்கள். கணையத்தைத் தாக்கும் இன்னொரு தொற்றுக்கு நோர்வேக்காரர்கள் எதிர்ப்புப் பரம்பரை அலகு கொண்ட தாய்மீன்களைத் தேர்ந்து இனவிருத்தி செய்து அதை அடக்கினார்கள். காணொளியில் இதெல்லாம் வராது. ஊசி போடுவதைப் பார்க்கத்தான் நன்றாக இருக்கும்.

இறாலுக்கு வருவோம். அதன் உடலில் பிறபொருளெதிரி என்ற ஒன்றே கிடையாது. அதைச் சுரக்கும் கலமும் இல்லை. கிருமி வந்தால் அதன் குருதிக் கலங்கள் விழுங்கும், சுற்றி மூடும், காயத்தைக் கறுப்பாக்கி அடைக்கும். எந்தக் கிருமிக்கும் அதே போர்முறை. அடுத்த முறைக்கென்று பாடம் படித்து வைத்துக்கொள்வது மிகச் சொற்பம். ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன, எனக்கும் அவற்றில் ஆசை உண்டு. பண்ணைக்காரர் கடைக்குப் போய் வாங்கக்கூடிய, நம்பத்தக்க இறால் தடுப்பூசி இன்று இல்லை. "எதிர்ப்புச் சக்தி மருந்து" என்று போத்தலில் விற்கும் வைட்டமின் தண்ணீரை வாங்கும் காசுக்குக் குஞ்சுகளில் வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர் பரிசோதனை செய்துவிடலாம். (கொடுவா வளர்ப்பவர்கள் இதைத் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுவா மீன், அதன் கதை சல்மனின் பக்கம் சேர்ந்தது.)

கொரோனாவுக்குப் பிறகு பிசிஆர் என்றால் என்ன என்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருந்தும் குஞ்சு வாங்கும்போது அந்தச் சான்றைக் கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களுக்கும் ஒரு மயக்கம் இருக்கிறது. "நோய்க்கிருமியற்ற குஞ்சு" என்று எழுதியிருந்தால் அந்தக் குஞ்சுக்கு நோயே வராது என்று நினைக்கிறார்கள். பட்டியலிட்ட கிருமிகள் அதன் உடலில் இல்லை என்பதே அதன் பொருள். சுத்தமான குஞ்சை அழுக்கான குளத்தில் விட்டால் அது மற்றக் குஞ்சைப்போலவே சாகும்.

குளத்துக்குள் வைரஸ் வரும் வழிகளில் நான் அதிகம் பயப்படுவது நண்டுக்கு. வாவி நண்டு இந்த வைரஸைச் சுமந்துகொண்டு, தான் நோகாமல் உலாவும். அணைக்கட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நண்டு வேலி போடுங்கள். பழைய பிளாஸ்டிக் விரிப்பே போதும். தண்ணீரை நேரே குளத்துக்கு எடுக்காமல் நெருக்கமான வலைப்பையால் வடித்துத் தேக்கத்தில் நிறுத்தி, குளோரின் இட்டு, அதன் வீரியம் அடங்கிய பிறகு விடுங்கள். கடையில் கழித்துப்போடும் இறால் தலையையும் பச்சை நண்டையும் தீனியாகப் போடாதீர்கள். அடுத்த பண்ணையின் வலையை இரவல் வாங்காதீர்கள். கொடுக்கவும் வேண்டாம், சொந்தக்காரர் கேட்டாலும் சரி. குளிர்காலத்தில் குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

நோய் வந்துவிட்டதா? மதகைத் திறக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நோய் கண்ட இரவிலேயே குளத்தை வாவிக்குள் வடித்துவிட்டு, விடியற்காலையில் ஒன்றும் நடக்காததுபோல் நிற்பவர்களை எனக்குத் தெரியும். வாவி 56 கிலோமீற்றர் நீளமானது என்பதால் கரைந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். முகத்துவாரம் மூடியிருக்கும் காலத்தில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்துப் பண்ணையின் பம்பி அதைத்தான் இழுக்கும். வீச்சுவலை போட்டு அன்றாடம் பிழைக்கிற மீனவரின் இறாலுக்கும் நண்டுக்கும் அதே வைரஸ் போகும். அவர் எந்தக் கடனும் வாங்காமல் நட்டப்படுவார். 1996 இல் புத்தளம் பக்கத்தில் வெள்ளைப்புள்ளி பரவியபோது இதுவே நடந்தது: ஒல்லாந்தர் கால்வாய்த் தண்ணீரை ஒருவர் விட, அடுத்தவர் எடுத்தார். பிற்பாடு அங்கே எந்த வலயத்தில் எப்போது குஞ்சு இறக்கலாம் என்று பயிர் நாட்காட்டி வைத்துக்கொண்டார்கள். இங்கே அதற்கு இழப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாகரையிலோ கொக்கட்டிச்சோலையிலோ ஒரே நீரைக் குடிக்கிற பண்ணைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசினாலே பாதி வேலை முடியும். கோயில் திருவிழாவுக்கு நாள் குறிக்கத் தெரிந்த நமக்கு இதற்கா தெரியாது?

நோய்க் குளத்தில் குளோரின் இட்டு, மதகை அடைத்தபடி ஒரு கிழமையாவது வைத்திருங்கள். செத்தவற்றை அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காகம் தூக்கிப்போய் அடுத்த குளத்தில் போடாதபடி ஆழமாக. அண்டைப் பண்ணைக்கு அன்றே சொல்லுங்கள், நெக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை) அலுவலருக்கும் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இந்த வைரஸ் மனிதரைத் தாக்காது, ஆகவே இறால் தின்பவர்கள் பயப்பட வேண்டாம். கழித்த தலையையும் ஓட்டையும் வாவியில் எறியாமல் இருந்தால் போதும்.

கடைசியாக மாதிரி பற்றி. செத்து நாறிய இறாலைச் சொப்பிங் பையில் கட்டி, மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து என்னால் ஒன்றும் எடுக்க முடியாது. உயிர் ஊசலாடும் இறால்கள் சிலவற்றைப் பிடித்து, பூவையும் (செவுளையும்) நீந்தும் கால்களையும் வெட்டி, 95 சதவீத எதனோலில் போட்டு, குளத்தின் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதி உள்ளேயே வையுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.