ரிக்ரெஷன்: பின்னடைவு வழு

முந்தைய பதிப்பில் ஒழுங்காக நடந்த ஒரு வேலை, மென்பொருளை மேம்படுத்திய பிறகு நின்றுபோனாலோ முன்னைவிட மோசமாக நடந்தாலோ, அந்தக் கோளாறுக்கு ரிக்ரெஷன் என்று பெயர். மேம்படுத்தியபின் கண்ணில் படும் எல்லாக் கோளாறுகளுக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அது சரியில்லை. தொடக்கத்திலிருந்தே இருந்த பிழை இப்போதுதான் நம் கண்ணில் பட்டது என்றால் அது சாதாரண வழு, அதாவது வெறும் நிரல் பிழை (பக்). நேற்று நடந்தது, இன்று நடக்கவில்லை, இடையில் நிரல் மாறியிருக்கிறது: இந்த மூன்றும் பொருந்த வேண்டும்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘ரெ’ என்றால் பின். ‘கிரதி’ என்றால் அடியெடுத்து வைத்தல். பின்னோக்கி நடப்பதே மூலப்பொருள். நாம் நாள்தோறும் கேட்கும் காங்கிரஸ் என்ற பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். அங்கே பொருள் ‘ஒன்றுகூடுதல்’. 1886இல் பிரான்சிஸ் கால்டன், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி நகர்வதைக் குறிக்க ரிக்ரெஷன் என்று எழுதினார். புள்ளியியலுக்குள் அது வந்த வழி அது. அங்கே அதற்குத் தமிழில் ‘தொடர்புப் போக்கு’ என்று வழங்குகிறோம். மருத்துவத்திலோ கட்டி சுருங்குவதை இச்சொல் குறிக்கிறது. நோயாளிக்கு அது நற்செய்தி. ஆகவே துறை எதுவென்று பாராமல் ஒரே தமிழ்ச் சொல்லை எங்கும் ஒட்டவைக்க முடியாது.

மென்பொருளில் இது பழைய தலைவலி. ஐபிஎம்மின் சிஸ்டம்/360 இயங்குதளப் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெட் புரூக்ஸ், ஒரு பிழையைத் திருத்தும்போது இன்னொரு பிழை புகுந்துவிடும் வாய்ப்பு 20 முதல் 50 விழுக்காடு என்று 1975இல் எழுதினார். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பழைய சோதனைகள் அனைத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு. அதற்கு ஆகும் செலவையும் அவர் மறைக்கவில்லை. அந்தச் சோதனையில் ஒரு பிழை தப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை 1990 ஜனவரி 15 காட்டியது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி இணைப்பகங்கள் 114இலும் ஒரே மேம்பாட்டை ஏற்றியிருந்தார்கள். சி மொழி நிரலில் இடம் தவறி அமைந்த ஒரு ‘பிரேக்’ கட்டளையால் (நடக்கும் பகுதியிலிருந்து வெளியேறச் சொல்வது) ஓர் இணைப்பகம் அடுத்ததைச் சாய்க்க, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் சேவை முடங்கியது. இணைப்பகங்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளை விரைவாகக் கையாள வேண்டும் என்பதற்காகவே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பிற்போக்கு’ அரசியல் சொல்லாகிவிட்டது, அதைத் தொடவேண்டாம். ‘மீள்வழு’ என்ற ஆக்கம் அழகானது, ஆனால் முன்பே தீர்த்த பிழை மறுபடி தலைகாட்டுவதை மட்டுமே அது சொல்லும். நேற்றுவரை நன்றாக இருந்த பகுதி புதிதாக உடைவதைச் சொல்லாது. ‘பின்னடைவு’ பொருளுக்கு மிக அருகில் வருகிறது. அதைத் தனியே நிறுத்தினால் தேர்தல் முடிவும் திட்டத் தாமதமும் நினைவுக்கு வரும். எனவே ‘பின்னடைவு வழு’ என்பதே என் தேர்வு. திணை வழு, பால் வழு, கால வழு என்று இலக்கணம் எழுவகையாகப் பிரித்த அந்த ‘வழு’, மென்பொருள் பிழைக்கும் இன்று நன்றாகவே பொருந்தி நிற்கிறது. வகை பிரிக்கும் பழக்கத்தையும் அதனுடன் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். பழைய சோதனைகளை மறுபடி ஓட்டும் ரிக்ரெஷன் டெஸ்டிங்கைப் ‘பின்னடைவுச் சோதனை’ என்போம்.

பெயரைச் சரியாகச் சூட்டுவது கோளாறைத் தீர்ப்பதற்கும் உதவும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலின் (கெர்னல்) ஆவணங்கள் பின்னடைவை வரையறுக்கும்போது, புதிய பதிப்பை முன்பிருந்ததை ஒத்த அமைவுகளோடு (செட்டிங்ஸ்) உருவாக்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. பதிப்பும் அமைவும் ஒருசேர மாறியிருந்தால், குற்றவாளி எது என்று சொல்ல முடியாது. முதலில் அமைவைப் பழையபடி வைத்துப் பாருங்கள். பிறகு பதிப்பை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோங்கள். தரவைப் படியெடுத்து வைக்காமல் இதில் இறங்கக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு: நாம் எதையும் தொடாமலே இயல்புநிலை அமைவு, அதாவது மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைவு, மாறியிருக்கலாம். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 என்ற தரவுத்தள மென்பொருள், புதிய கணக்குகளுக்குக் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இயல்புநிலை முறையை மாற்றியது. கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய செயலிகளால் இணைய முடியவில்லை. இதை நான் பின்னடைவு வழு என்று சொல்லமாட்டேன். அறிவித்துச் செய்த மாற்றம் அது. செயலியின் இணைப்பு நிரலைப் புதுப்பிப்பதோ அந்தக் கணக்கின் சரிபார்ப்பு முறையை மாற்றுவதோதான் மருந்து.

உண்மையான பின்னடைவு என்று உறுதியானால், எந்த மாற்றம் கெடுத்தது என்று தேட நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் பைசெக்ட் கட்டளை இருக்கிறது. நன்றாக இருந்த பதிப்பையும் கெட்ட பதிப்பையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துத் தரும். சோதித்து நல்லதா கெட்டதா என்று சொன்னால் மீதிப் பாதியை மறுபடி இரண்டாக்கும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறக்குறைய பத்துச் சோதனைகளில் ஆளைப் பிடித்துவிடலாம். கோளாறு ஒவ்வொரு முறையும் தவறாமல் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். நிரலைத் தொடாத பயனரும் இதில் பாதி வேலையைச் செய்து தரலாம்: வழு அறிக்கையில் கடைசியாக ஒழுங்காக ஓடிய பதிப்பின் எண், முதலில் கெட்ட பதிப்பின் எண், இடையில் அமைவு மாறியதா இல்லையா என்ற மூன்றையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.