மழைக்கு உப்புற கட்டை: மர ஸ்டாக் போட்ட .22 ரைஃபிள் எப்படி பாத்து வாங்குறது

ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. "மர ஸ்டாக் போட்ட நல்ல போல்ட் ஆக்‌ஷன் ரிம்ஃபயர் ரைஃபிள் ஒண்ணு வாங்கணும், ஆயுசுக்கும் வெச்சுக்கிற மாதிரி. வால்நட் எடுக்கவா பீச் எடுக்கவா? மரம்னா வளைஞ்சிடும், பேசாம பிளாஸ்டிக்கே வாங்குன்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா?"

ஸ்டாக்னா பேரலையும் மத்த இரும்பையும் தாங்கி, தோள்ல முட்டுக் குடுக்குற கட்டை, வால்நட், பீச் ரெண்டும் மர வகை. வளையும்ங்கிறது நிஜம். அதனால வாங்காதேங்கிறது சோம்பேறித்தனம். எதனால வளையுதுன்னு தெரிஞ்சிடுச்சுன்னா எந்தக் கட்டை வளையாதுன்னு கையில எடுத்துப் பாத்தே பாதி சொல்லிடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை, மத்ததெல்லாம் வேகமா ஓட்டிடறேன். லைசென்ஸ், பூட்டி வைக்கிறது இதெல்லாம் உங்க ஊர் சட்டப்படி, அதுல விளையாடாதீங்க.

ரிம்ஃபயர்னா தோட்டாவோட அடிவிளிம்புக்குள்ளேயே வெடிமருந்துக் கலவையைத் தடவி வெச்சிருப்பாங்க, ஃபயரிங் பின் அந்த விளிம்பை பேரல் ஓரத்தோட சேத்து நசுக்கும், தீப்பொறி வரும், அவ்ளோதான். 1845-ல பிரான்ஸ்ல ஃப்ளோபேர்ங்கிறவர் ஆரம்பிச்ச யோசனை இது, இன்னைக்கு எல்லாரும் சுடுற .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள், .22-ங்கிறது அங்குலக் கணக்குல குண்டோட விட்டம்) 1887-லேர்ந்து இருக்கு. பின் வந்து நசுக்கணும்னா விளிம்பு மெல்லிசா இருந்தே ஆகணும், மெல்லிசா இருந்தா பெரிய அழுத்தம் தாங்காது, அதனால இதோட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டுதான், பெரிய .308 ரைஃபிளுக்கு 62,000. குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம், ஸ்டாண்டர்ட் தோட்டாவுல செகண்டுக்கு 325 மீட்டர் மாதிரி போகும். இது சத்தத்தோட வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க, ஏன்னா சத்தத்தைத் தாண்டிப் போயிட்டு நடுவழியில வேகம் குறைஞ்சு திரும்ப அந்த எல்லையைக் கடக்குற குண்டு அங்க ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் போகும்.

போல்ட்ங்கிறது பேரலோட பின்வாயைக் கையால தள்ளிப் பூட்டுற இரும்புத் தண்டு. அது எதுக்குன்னா, குண்டு பேரலை விட்டு வெளிய போற வரைக்கும் உள்ள எதுவும் நகரக்கூடாது, அதுக்கு. ஆட்டோமேட்டிக்கா அடுத்த தோட்டாவை ஏத்துற ரைஃபிள்ல ஒரு பெரிய இரும்புத் துண்டு அந்த நேரத்துல பின்னாடி கிளம்ப ஆரம்பிச்சிருக்கும்.

இப்ப கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். .22 குண்டு மெதுவானது, அதனால 60 செ.மீ. பேரலைக் கடக்க அதுக்கு 2 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், பெரிய ரைஃபிள்ல கிட்டத்தட்ட அதுல பாதி. அந்த 2 மில்லிசெகண்ட் பூரா பேரல் நடுங்கிட்டு இருக்கு, அப்ப அதை யார் தொட்டுட்டு இருக்காங்கன்னு பாத்தா நம்ம மரக்கட்டைதான். கட்டை பேரலை ஒரு பக்கமா அழுத்தி நுனியை 0.05 மி.மீ. தள்ளுதுன்னு வைங்க, தலைமுடி தடிமன்கூட இல்ல, 50 மீட்டர்ல அது குறைஞ்சது 4 மி.மீ. தள்ளிப் போகும். ஒலிம்பிக் 50 மீட்டர் டார்கெட்ல பத்து மார்க் வட்டத்தோட விட்டமே 10.4 மி.மீ.தான். கணக்கு போட்டுக்கோங்க.

சரி, மரத்துக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

மரத்தை மைக்ரோஸ்கோப்ல பாத்தா நீள நீளமா ஸ்ட்ரா கட்டு மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஸ்ட்ராவும் ஒரு செத்துப்போன செல். அந்த ஸ்ட்ராவோட சுவர்ல செல்லுலோஸ் நூல் நூலா சுத்தியிருக்கு. சுவர்ல பல அடுக்கு உண்டு, அதுல தடியான நடு அடுக்குல இந்த நூலெல்லாம் கிட்டத்தட்ட மரத்தோட நீளவாக்குலேயே லேசா சாஞ்சு ஓடும். செல்லுலோஸ் மேல ஹைட்ராக்சில்னு ஸ்கூல்ல படிச்சோமே அந்த ஓ-எச் குழு நிறைய ஒட்டிட்டு இருக்கும், தண்ணி மூலக்கூறுக்கு அதைக் கண்டா விடாது, போய் ஒட்டிக்கும். ஆனா நூலுக்கு உள்ள போக முடியாது, அங்க செல்லுலோஸ் படிகம் மாதிரி நெருக்கமா அடுக்கியிருக்கு. அதனால ரெண்டு நூலுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும். விளக்குமாத்துக் குச்சியைக் கட்டுப் போட்டு, குச்சிகளுக்கு நடுவுல ஈரமண்ணை அப்பிப் பாருங்க, கட்டு தடியாகும், நீளம் ஆகுமா? ஆகாது. மரத்துலயும் இதே கதைதான், ஈரம் ஏறினா பக்கவாட்டுல உப்பும், நீளம் பேருக்குத்தான் கூடும். பச்சை மரத்தை முழுசா காய வெச்சா நீளவாக்குல சுருங்குறது 0.1, 0.2 சதவீதம், பக்கவாட்டுல 5-லேர்ந்து 12 சதவீதம். ஒரே பொருள், திசையை மாத்தினா அம்பது மடங்கு வித்தியாசம்! எனக்கு இது ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் இருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல, பக்கவாட்டுலயே ரெண்டு திசை இருக்கு. மரத்தோட நடுவுலேர்ந்து பட்டையை நோக்கிப் போறது ஒண்ணு, வருஷ வளையத்தை ஒட்டி சுத்திப் போறது இன்னொண்ணு. நடுவுலேர்ந்து வெளிய போற திசையில கதிர் செல்னு ஒரு வகை செல் குறுக்கால ஆணி அடிச்ச மாதிரி ஓடுது, அது மரத்தை உப்ப விடாம இழுத்துப் பிடிக்கும். வளையத்தை ஒட்டின திசையில பிடிக்க ஆள் இல்ல. அமெரிக்க கறுப்பு வால்நட்ல பட்டையை நோக்கி 5.5 சதவீதம் சுருங்கும், வளையத்தை ஒட்டி 7.8. பீச்ல 6-க்குக் கொஞ்சம் கம்மி, இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட 12. வகுத்துப் பாருங்க, வால்நட்டுக்கு 1.4, பீச்சுக்கு 2. உப்புறது பிரச்னையே இல்ல சார், ரெண்டு திசையிலயும் சமமா உப்பினா கட்டை கொஞ்சம் குண்டாகும், அவ்ளோதான். ஒரு பக்கம் அதிகமா ஒரு பக்கம் கம்மியா உப்பினாத்தான் சதுரமா இருந்தது சாய்சதுரமாகும், பேரலுக்குக் கீழ ஓடுற முன்கட்டை முறுக்கிக்கும், பேரலைப் போய்த் தொடும். வால்நட்டுக்கு இருக்குற பேருக்கு அதோட கலர் மட்டும் காரணம் இல்ல, இந்த 1.4-தான்.

நிஜ கணக்கு ஒண்ணு போடுவோம். காத்துல ஈரப்பதம் 30 சதவீதமா இருந்தா மரத்துக்குள்ள 6 சதவீதம் மாதிரி தண்ணி இருக்கும், 80 ஆனா 16. இந்த 10 புள்ளி ஏத்தத்துல 45 மி.மீ. அகலமுள்ள வால்நட் முன்கட்டை வளையத் திசையில 1.2 மி.மீ. அகலமாகும், பீச்னா 1.8. மழைக்காலத்துல கதவு மாட்டிக்கிற அதே கணக்கு. ஒரே நாள்ல ஆகாது, வாரக்கணக்குல ஊறும். அதான் நாலு மாசம் கழிச்சு எடுத்துச் சுட்டா இடம் மாறிப்போயிருக்கு, ஆளு ஸ்கோப்பைத் திட்டுவாரு.

இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னா, 1910-ல அமெரிக்காவுல மாடிசன்ல மரத்துக்குன்னே ஒரு அரசு ஆய்வுக்கூடம் திறந்தாங்க, முதல் உலகப்போர்ல விமானம் மரத்துல செஞ்ச காலம், புரொபெல்லர் வளைஞ்சா பைலட் காலி, அதனால மரம் எப்படி உப்புது சுருங்குதுன்னு பொறுமையா அளந்தாங்க. இந்த மாதிரி சலிப்பான அளவெடுக்குற வேலைக்கு சமாதான காலத்துல எவன் காசு குடுப்பான்? போர் வந்தாத்தான் பணப்பெட்டி திறக்குது. அன்னைக்கு அளந்ததை வெச்சு நூறு வருஷம் கழிச்சும் கதவு செய்றவன், வயலின் செய்றவன், துப்பாக்கிக் கட்டை செதுக்குறவன்னு எல்லாரும் சாப்பிடுறாங்க.

அடுத்து மூடநம்பிக்கை. ஆளி விதை எண்ணெயை ஒரு வாரம் தினமும், ஒரு மாசம் வாராவாரம், ஒரு வருஷம் மாசாமாசம், அப்புறம் ஆயுசுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை தேய்க்கணும்னு மந்திரம் மாதிரி சொல்லுவாங்க. தேய்ங்க, அழகா இருக்கும், நானும் தேய்ச்சிருக்கேன், கைக்கும் நல்லா இருக்கும். மேல விழுற தண்ணித் துளியைக் கொஞ்ச நேரம் தடுக்கும். ஆனா நம்ம எதிரி தண்ணித் துளி இல்ல, ஆவி. காய்ஞ்ச ஆளி எண்ணெய்ப் படலம் ஆவியை நல்லாவே உள்ள விடும். பாலியூரிதேன், எப்பாக்சி மாதிரி பூச்சுதான் அதை மெதுவாக்கும், அதுவும் முழுசா நிறுத்தாது.

இதைவிடக் கொடுமை, வெளிய கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுட்டு உள்ள பூச்சே இல்லாம வெறும் மரமா விட்டுடுவாங்க. என் முதல் ரைஃபிள்ல (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க) பின்னாடி தோள்ல வைக்கிற பட் பிளேட்டைக் கழட்டிப் பாத்தா ஒரு சொட்டு பூச்சு இல்ல. அங்கதான் ஸ்ட்ராவோட வாயெல்லாம் திறந்திருக்கு, பக்கவாட்டுல போறதைவிட ஈரம் பல மடங்கு வேகமா அந்த வாய் வழியாத்தான் போகும், முன்கதவைப் பூட்டிட்டு பின்கதவைத் திறந்து வெச்ச கதை.

அப்புறம் ஸ்க்ரூ. ரிசீவரை, அதாவது பேரலுக்குப் பின்னாடி போல்ட் ஓடுற உலோகக் கூட்டை, கட்டையோட சேத்துப் பிடிக்கிற ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. நல்லா முறுக்கி வெச்சுட்டோம், மழை வந்துச்சு, மரம் உப்பப் பாக்குது, ஸ்க்ரூ விடல, என்னாகும்? மரம் தன்னைத்தானே நசுக்கிக்கும், செல்லெல்லாம் மடங்கிடும். வெயில் வந்து காயும்போது நசுங்கின அளவுலேர்ந்து இன்னும் சுருங்கும், ஸ்க்ரூ தளந்து போயிடும், மடங்கின செல் மறுபடி நிமிராது. கோடாலிக் காம்பு ஆடுதுன்னு தண்ணியில ஊற வெப்பாங்களே, அன்னைக்கு இறுகும், ரெண்டு வாரம் கழிச்சு முன்னைவிட மோசமா ஆடும், அதே சமாச்சாரம். இதுக்கு மருந்து பில்லர், அதாவது ஸ்க்ரூ போற ஓட்டையில ஒரு அலுமினியக் குழாயை எப்பாக்சி போட்டு நிறுத்திடுவாங்க, ஸ்க்ரூவோட அழுத்தத்தை மரம் சுமக்காது, உலோகம் உலோகத்தோட பேசிக்கும்.

இப்ப கடைக்குப் போங்க. பளபளன்னு புலி வரி மாதிரி ரேகை ஓடுற கட்டையைத்தான் முதல்ல காட்டுவாங்க. மயங்காதீங்க. அந்த வரி வர்றதே ஸ்ட்ரா எல்லாம் நெளிஞ்சு வளைஞ்சு ஓடுறதாலதான், ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு திசைக்கு உப்பும். தோள்பக்கம் எவ்ளோ வரி இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும், அங்க பேரல் இல்ல. கை பிடிக்கிற கழுத்துலயும் முன்கட்டையிலயும் ரேகை நேரா நீளமா ஓடணும். கழுத்துல ரேகை குறுக்கே வெட்டிப் போச்சுன்னா கீழ விழுந்தா அங்கதான் உடையும். முன்கட்டையோட நுனியைத் திருப்பி வளையக்கோடு எப்படி இருக்குன்னு பாருங்க, செங்குத்தாவோ படுக்கையாவோ இருந்தா சரி, மூலைக்கு மூலை சாஞ்சிருந்தா அந்த சாய்சதுரக் கதை உங்க வீட்டுலதான் நடக்கும்.

ஒரு தாளை பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவுல விட்டு ரிசீவர் வரைக்கும் இழுத்துப் பாருங்க. தடையில்லாம போகணும், ரெண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும், ஒரு மி.மீ.க்கு மேல இருந்தா எனக்கு நிம்மதி. சில பழைய ரைஃபிள்ல நுனியில வேணும்னே ஒரு மேடு வெச்சு பேரலை அழுத்துவாங்க. அதுவும் நல்லாத்தான் சுடும், மரம் அசையாத வரைக்கும்.

பேர் கேட்டா சொல்றேன். செக் நாட்டு சி.இசட். 457 குடுக்குற காசுக்கு நேர்மையான ரைஃபிள், லக்ஸ் மாடல் வால்நட், ட்ரெயினிங் மாடல் பீச், அதுல பீச் எடுத்தாலும் தப்பில்ல, பூச்சை மட்டும் கவனிச்சுக்கோங்க. 1856-லேர்ந்து இருக்குற ஜெர்மன்காரங்க ஆன்ஷுட்ஸ், அவங்க 54 ஆக்‌ஷன் (போல்ட்டும் ரிசீவரும் சேந்த பாகம்) ரேஞ்சு ரேஞ்சா மெடல் வாங்கினது, காசு இருந்தா யோசிக்காதீங்க. பழசு வாங்கத் தயங்காதவங்க 1920-லேர்ந்து 1980 வரைக்கும் வந்த வின்செஸ்டர் 52-வைத் தேடலாம், அந்தக் கட்டை இத்தனை வருஷத்துல ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் பெரும்பாலும் ஆடி முடிச்சிருக்கும். இந்த வளையுற தலைவலி ஒண்ணும் வேணாம் ஆனா மரம்தான் வேணும்னா லேமினேட் இருக்கு, மெல்லிசு மெல்லிசா தகடு தகடா ஒட்டின மரம், ஒரு தகடு இழுக்குற பக்கம் இன்னொண்ணு இழுக்காது, அதனால அவ்வளவா அசையாது. கனம் கூட, பாக்கக் கொஞ்சம் பலகாரம் மாதிரி இருக்கும், அது உங்க இஷ்டம்.

வாங்கினதும் பட் பிளேட்டைக் கழட்டி அந்தத் திறந்த மரத்துல ரெண்டு கை பாலியூரிதேன் அடிச்சிடுங்க, பேரல் உக்கார்ற பள்ளத்துலயும் அடிங்க. கம்பெனி சொல்ற அளவுக்கு டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர், அதாவது எவ்ளோ முறுக்குறோம்னு அளவு வெச்சு முறுக்குற ஸ்க்ரூடிரைவர் வெச்சு ரெண்டு ஸ்க்ரூவையும் முறுக்கி, அந்த அளவையும் தேதியையும் அன்னைக்கு காத்துல இருந்த ஈரப்பதத்தையும் ஒரு சீட்டுல எழுதி பட் பிளேட்டுக்கு உள்ள வெச்சு மூடிடுங்க.