பழைய டர்ன்டேபிளுக்கு கார்ட்ரிட்ஜ் வாங்கப்போறீங்களா, முதல்ல ஆர்மைப் பாருங்க

பரண்ல கிடந்த டர்ன்டேபிளை (இசைத்தட்டு ஓட்டற பிளேயரை) இறக்கி, பெல்ட் மாத்தி, மோட்டாருக்கு எண்ணெய் விட்டு, மரத்துக்கு பாலிஷ் போட்டு ஜம்முனு ரெடி பண்ணிட்டு, கடைசியா ஊசி இருக்கற சின்ன பகுதியான கார்ட்ரிட்ஜுக்காக "நல்ல கார்ட்ரிட்ஜா ஒண்ணு சொல்லுங்க சார், எவ்ளோ ஆனாலும் பரவால்ல"னு கேட்டுட்டு நிறைய பேர் வர்றாங்க. அவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது, உங்க டோன்ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜை தாங்கிட்டு தட்டு மேல நகர்ற கை, என்ன? டெக்கோட, அதாவது டர்ன்டேபிளோட பேரு எல்லாருக்கும் தெரியுது, ஆர்ம் பத்தி பாதிப்பேருக்கு தெரியல. கார்ட்ரிட்ஜ் உட்காரப்போறது ஆர்ம்ல, அதனால ரெண்டுக்கும் ஒத்துப்போகலேன்னா எவ்ளோ காசு போட்டாலும் வேஸ்ட்தான்.

உதாரணத்துக்கு தோரன்ஸ் டிடி 160 எடுத்துக்கோங்க, 1972ல வந்த டெக், இன்னைக்கும் அருமையா ஓடும். அதுல வர்ற டிபி16 ஆர்ம் கனமான ஆர்ம், எஃபெக்டிவ் மாஸ் (ஆர்மை அசைக்கும்போது ஊசி உணர்ற எடை) சுமார் 16 கிராம். இதுல போய் ரொம்ப மெத்துனு இருக்கற, அதாவது ஊசி சுலபமா அசையற (கம்ப்ளையன்ஸ் அதிகமான) கார்ட்ரிட்ஜை மாட்டினா லாரிக்கு ஸ்கூட்டர் ஷாக்அப்சார்பர் போட்ட கதைதான். கொஞ்சம் வளைஞ்ச எல்பி தட்டை போட்டுட்டு ஸ்பீக்கர் கிரில்லை கழட்டிப் பாருங்க, பாட்டே ஆரம்பிக்கல, ஆனா வூஃபர் கோன் மட்டும் உள்ள வெளிய, உள்ள வெளியன்னு மெதுவா ஆடிட்டே இருக்கும். காதுக்கு அது கேக்காது, ஆனா ஆம்ப்ளிஃபயரோட சக்தி அதுல போகுது, பேஸ் குழம்புது, சில சமயம் ஊசியே எகிறிடுது. "ஆம்ப் ரிப்பேர்"னு தூக்கிட்டு வர்ற கேஸ்ல சிலது இதுதான்.

ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானா ஆடற வேகத்தை (ரெசனன்ஸ்) வாங்கறதுக்கு முன்னாடியே வீட்ல உட்கார்ந்து கணக்கு போட்டுடலாம். ஆர்மோட எஃபெக்டிவ் மாஸ், கார்ட்ரிட்ஜ் எடை, ஸ்க்ரூ எடை மூணையும் கூட்டுங்க, கார்ட்ரிட்ஜோட கம்ப்ளையன்ஸால பெருக்குங்க, வர்ற நம்பருக்கு வர்க்கமூலம் எடுத்து 159ஐ அதால வகுங்க. விடை 8லேர்ந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள இருந்தா நிம்மதி. தட்டு வளைவோட ஆட்டம் இதுக்கு கீழ இருக்கு, பாட்டு 20 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கு, நடுவுல இருக்கற காலி இடம்தான் இது. ஆர்டோஃபோன் 2எம் ரெட் 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20, அதை இந்த தோரன்ஸ் ஆர்ம்ல போட்டா சுமார் 7 ஹெர்ட்ஸ் வருது. ஓடாதுன்னு சொல்லமாட்டேன், தட்டு நேரா இருந்தா ஓடும், ஆனா நான் அதுக்கு போடமாட்டேன். அதே கார்ட்ரிட்ஜ் எடை கம்மியான ஆர்ம்ல சொர்க்கம்.

ஜப்பான் கம்பெனி கார்ட்ரிட்ஜ்ல ஒரு விஷயம் கவனிக்கணும், அவங்க கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸ்ல அளந்து போடுவாங்க, நம்ம கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் நம்பர் வேணும், அதனால தோராயமா ஒண்ணரை மடங்குலேர்ந்து ரெண்டு மடங்கா எடுத்துக்கணும். டெனான் டிஎல்-103ல 5னு போட்டிருக்கும், 10னு வெச்சுக்கோங்க. ஜப்பான் ரேடியோ நிலையங்களுக்காக 1960கள்ல பண்ணினது, இன்னும் வந்துட்டிருக்கு, கனமான ஆர்ம்ல அது குடுக்கற வாய்ஸ் எனக்கு ரொம்ப புடிக்கும். ஆனா அவுட்புட் 0.3 மில்லிவோல்ட்தான், சாதாரண ஃபோனோ இன்புட்ல சொருகினா வால்யூமை முழுக்க திருப்பினாலும் இரைச்சல்தான் வரும், இந்த மாதிரி எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜுக்கான ஃபோனோ ஸ்டேஜோ, சிக்னலை ஏத்தற ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபார்மரோ கண்டிப்பா வேணும், அந்த செலவையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணணும்.

ஆர்ம் பேரிங் சரியா இருக்கான்னு பாக்காம எதையும் வாங்காதீங்க. ஆர்மை பேலன்ஸ் பண்ணி, ஆன்டி-ஸ்கேட்டை (ஆர்ம் உள்பக்கமா இழுபடறதை சரிக்கட்டற செட்டிங்கை) ஜீரோல வெச்சு அந்தரத்துல மிதக்க விடுங்க, கார்ட்ரிட்ஜ் மாட்டற முனையான ஹெட்ஷெல் மேல சின்ன பேப்பர் துண்டு வைங்க, ஆர்ம் தானா இறங்கணும். இறங்காம ஒட்டிட்டு நின்னா பேரிங்ல பழைய கிரீஸ் இறுகிடுச்சு. அப்புறம் ஹெட்ஷெல்லை ரெண்டு விரலால புடிச்சு மெல்ல முன்ன பின்ன அசைச்சா டக் டக்னு ஆட்டம் தெரியக்கூடாது. இது ரெண்டும் சரியில்லாத ஆர்ம்ல காஸ்ட்லியான ஊசியை மாட்டினா ஊசியும் போகும், தட்டும் போகும்.

"சீல் பிரிக்காத பழைய ஸ்டாக்"னு வர்ற ஊசிகளை நம்பி காசு போடாதீங்க. வைரம் அப்படியே இருக்கும், ஆனா அந்த வைரம் ஒட்டியிருக்கற குச்சியை (கேன்டிலீவரை) தாங்கற குட்டி ரப்பர், டப்பாக்குள்ளயே இறுகிப்போயிருக்கும். ஷூர் 2018லயே கார்ட்ரிட்ஜ் பண்றதை நிறுத்திட்டாங்க, உங்ககிட்ட அவங்களோட பழைய வி15 கார்ட்ரிட்ஜ் இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, ஜப்பான்ல ஜிகோங்கற கம்பெனி புதுசா ஊசி பண்றாங்க, அதை போட்டுக்கலாம்.

நம்ம வீடுகள்ல இருக்கற தட்டுகளைப் பத்தி தனியா சொல்லணும். அந்தக்கால சினிமா பாட்டு தட்டெல்லாம் பெரும்பாலும் மோனோ, அதுவும் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஊசியோட நாலஞ்சு கிராம் அழுத்தத்துல வருஷக்கணக்கா தேய்ஞ்சது. அதுக்கு முதல்ல நான் கோனிக்கல் (முனை உருண்டையான) ஊசிதான் போட்டுப் பாப்பேன். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையில ஒரே பாடிக்கு கோனிக்கல், எலிப்டிக்கல், மைக்ரோலீனியர், ஷிபாட்டான்னு வேற வேற முனை வடிவ ஊசியை மட்டும் மாத்திக்கலாம், அதனால நடுத்தரமான ஆர்ம் வெச்சிருக்கறவங்களுக்கு தைரியமா சொல்றேன். கம்பெனி கணக்குல கோனிக்கல் 500 மணி நேரம் வரும், எலிப்டிக்கல் 300, மைக்ரோலீனியர் 1000, விலையோட சேர்த்து இதையும் யோசிங்க. இந்த கார்ட்ரிட்ஜுக்கு 100லேர்ந்து 200 பிகோஃபாரட் லோடுதான் (கேபிளும் ஆம்ப் இன்புட்டும் சேர்ந்த கபாசிட்டன்ஸ்) கேக்கறாங்க, பழைய டெக்கோட ஒரிஜினல் கேபிளே சில சமயம் அதை தாண்டிடும், மேல்ஸ்தாயி குத்தற மாதிரி இருந்தா கேபிளையும் சந்தேகப்படுங்க.

78 ஆர்பிஎம் தட்டு இருந்தா அதுக்கு 3 மில் (ஒரு மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) ஊசி தனியா வேணும், விஎம்95 எஸ்பில அது வருது, அழுத்தம் 5 கிராம். எல்பி ஊசி 0.7 மில், அதை 78ல வெச்சா பள்ளத்தோட அடியில போய் அழுக்குல உரசிட்டு போகும், ஒரே கொரகொரன்னு இருக்கும், பாட்டியோட கல்யாணத்துக்கு வந்த தட்டை தயவுசெஞ்சு அதுல போடாதீங்க.

மாட்டும்போது வயர் கலர்: வெள்ளை லெஃப்ட் பிளஸ், நீலம் லெஃப்ட் மைனஸ், சிவப்பு ரைட் பிளஸ், பச்சை ரைட் மைனஸ். கிளிப் லூசா இருந்தா நோஸ் பிளேயரால மெல்ல நெருக்குங்க, கார்ட்ரிட்ஜ் பின்ல நேரடியா சால்டரிங் வைக்கவே வைக்காதீங்க, உள்ள இருக்கற முடி மாதிரி காயில் அந்த சூட்டுல அறுந்துடும், அதுக்கு அப்புறம் ரிப்பேர் கிடையாது.