அடுப்படியிலிருந்து அனுப்பிவைக்கப்படும் குழந்தை

குழந்தைகள் மனநல ஆலோசகரான என்னிடம் வரும் பெற்றோர் பலர் மதிப்பெண், கைப்பேசி, கோபம் என்று ஏதாவது ஒன்றில் தொடங்குவார்கள். பேச்சு கொஞ்சம் நீண்டதும் உள்ளே கிடக்கும் வருத்தம் வெளியே வரும். “வீட்டில் யார் எப்படிப் போனாலும் அவனுக்குக் கவலையே இல்லை.” காய்ச்சலில் சுருண்டு படுத்திருக்கும் அம்மாவிடம் வந்து “டிபன் என்ன?” என்று கேட்கும் மகன். பாட்டி மளிகைப் பையுடன் மூச்சு வாங்கப் படியேறி வருவதைப் பார்த்தும் சோபாவை விட்டு எழாத மகள். “நாங்கள் என்ன குறை வைத்தோம்?” என்று கேட்கும்போது சில தாய்மார்களுக்குக் குரல் உடைந்துவிடும்.

அந்தப் பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. தனியே பேசிப் பார்த்தால் அம்மா மேல் அவர்களுக்குக் கொள்ளைப் பிரியம் இருப்பது தெரியும். அடுத்தவருக்கு இப்போது என்ன தேவை என்று கண்ணெடுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவர்களிடம் ஊன்றவில்லை. அதனால் நான் பெற்றோரிடம் ஒன்று கேட்பேன்: இரண்டு வயதில் நீங்கள் வீட்டு வேலை செய்யும்போது இந்தப் பிள்ளை என்ன செய்யும்? அநேகமாக எல்லாருக்கும் நினைவிருக்கிறது. துடைப்பத்தை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வரும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கேட்கும். துணி காயப்போட்டால் கிளிப்பை எடுத்து நீட்டும். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால், “எனக்கு வேலை இரண்டாகிவிடும், அதனால் டிவியைப் போட்டு உட்கார வைத்துவிடுவேன்” என்பார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை எட்டு மணிக்குள் சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடும் தாயிடம், குழந்தையைக் கூட வைத்துக்கொண்டு நிதானமாகக் கீரை ஆயச் சொல்வது நியாயமல்ல. ஆனால் அந்த வயதில் குழந்தை நீட்டிய கையை நாம் எப்படி ஏற்கிறோம் என்பதில் பிற்காலம் நிறையவே அடங்கியிருக்கிறது.

உதவும் விருப்பத்தை நாம் வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2006இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. முன்பின் பழக்கமில்லாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கை நீட்டித் தவிப்பார். கை நிறையப் புத்தகங்களுடன் வந்து, மூடிய அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். பார்த்துக்கொண்டிருந்தவை 18 மாதக் குழந்தைகள். 24 பேரில் 22 பேர் ஒரு தடவையாவது எழுந்து போய் உதவினார்கள். யாரும் கேட்கவில்லை, பாராட்டவில்லை, எதுவும் தருவதாகச் சொல்லவும் இல்லை. அதே மனிதர் கிளிப்பை வேண்டுமென்றே வீசியபோது குழந்தைகள் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஒருவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்தறியும் அளவுக்கு அந்த வயதிலேயே புத்தி இருக்கிறது.

இதற்கும் வெகுகாலம் முன்பு, 1982இல், அமெரிக்க உளவியலாளர் ஹாரியட் ரைன்கோல்ட் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தை வீடு போல அமைத்து, பெற்றோரைத் துணி மடிக்கவும் பெருக்கவும் மேசையில் தட்டு வைக்கவும் சொன்னார். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் தாங்களாகவே ஓடிவந்து கைகொடுத்தார்கள். அந்த ஆய்வில் என் மனத்தை உறுத்திய செய்தி வேறு. வீட்டில் எப்படி என்று விசாரித்தபோது, குழந்தை குறுக்கே வராமலிருக்க அது தூங்கும் நேரமாகப் பார்த்து வேலையை முடித்துவிடுவதாகப் பெற்றோர் சொன்னார்கள். அமெரிக்காவில் அன்று சொன்னதைத்தான் இன்று என் அறையில் உட்காரும் தாய்மார்களும் சொல்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் “நீ போய்ப் படி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற வார்த்தை வந்துவிடும். அன்பினால் சொல்வதுதான். தான் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்ற வைராக்கியம் அதில் இருக்கிறது. ஆனால் நாள்தோறும் கேட்கும் பிள்ளைக்கு அதிலிருந்து விளங்குவது வேறு: இந்த வீட்டில் என் வேலை மதிப்பெண் எடுப்பது, மற்றதெல்லாம் அம்மாவின் வேலை. பத்தாண்டுகள் இப்படிப் போனபின், பதினைந்து வயதில் திடீரென்று ஒரு நாள் “ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லையே” என்று கோபித்துக்கொண்டால் அவனுக்கு உண்மையிலேயே புரியாது.

அதிலும் ஆண்பிள்ளைகளின் நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. “போகிற இடத்தில் எங்களைத்தான் குறை சொல்வார்கள்” என்று மகளுக்காவது வேலை பழக்குகிறார்கள். காரணம் தவறானது, அந்தச் சுமையும் அவள் மேல் மட்டும் விழுகிறது. ஆனால் அந்த வேலையின் வழியே வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் இன்னும் சாப்பிடவில்லை என்று கவனிக்கும் கண் அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. மகனுக்கு அது மறுக்கப்படுகிறது. கென்யா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் ஒகினாவா, இந்தியா, அமெரிக்கா ஆகிய இடங்களில் ஆறு சமூகங்களின் பிள்ளைகளை ஒப்பிட்டு பீட்ரிஸ் வைட்டிங், ஜான் வைட்டிங் தம்பதி 1975இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கமே கைகாட்டியது. வீட்டுக்கு உண்மையாகப் பயன்படும் வேலைகளைச் செய்து, தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்த பிள்ளைகளே பிறருக்கு உதவவும் ஆறுதல் சொல்லவும் அதிகம் முன்வந்தார்கள்.

அப்படியானால் வேலைக்குக் காசு கொடுக்கலாமா என்று அப்பாக்கள் கேட்பதுண்டு. தட்டு கழுவினால் பத்து ரூபாய் என்று அட்டவணை போட்டு ஒட்டிய வீடுகளும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்றுதான் சொல்வேன். கிளிப் சோதனை செய்த வார்னெக்கன், தோமசெல்லோ இருவரும் 2008இல் இதையும் சோதித்தார்கள். உதவிக்குப் பரிசாகப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். தானாக வந்த ஒன்றைக் கூலி வேலையாக மாற்றிவிட்டால், கூலி இல்லாத நாளில் கை எழாது. “நீ வெங்காயம் உரித்துக் கொடுத்ததால்தான் இன்றைக்குச் சாம்பார் சீக்கிரம் ஆயிற்று” என்று நடந்ததைச் சொன்னாலே போதும். தன் கையால் வீட்டில் ஒன்று நடந்தது என்று தெரிவதே பிள்ளைக்குப் பெரிய நிறைவு.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைத் தள்ளிவிட்டால், முதுகில் ஒன்று வைத்து “சாரி சொல்” என்பதுதான் நம் வழக்கம். குழந்தையும் சுவரைப் பார்த்துக்கொண்டு “சாரி” சொல்லிவிடும். விழுந்த பிள்ளையை அது திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. கரோலின் ஜான்-வாக்ஸ்லரும் உடன் பணியாற்றியோரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளின் தாய்மார்கள் அன்றாடச் சம்பவங்களை உடனுக்குடன் பதிவு செய்தார்கள். “பார், அவனுக்கு எப்படி வலிக்கிறது, நீ தள்ளியதால்தான் அழுகிறான்” என்று மனம் பதைத்துச் சொன்ன தாய்மார்களின் குழந்தைகளே, தடவிக்கொடுப்பது, பொம்மையைத் திருப்பித் தருவது என்று தாமாகச் சரிசெய்ய முயன்றார்கள். காரணம் சொல்லாமல் “செய்யாதே” என்று மட்டும் அதட்டியது பலன் தரவில்லை. அடி விழும்போது குழந்தையின் கவனம் முழுக்கத் தன் வலியில் போய்விடும். அங்கே அடுத்தவர் வலிக்கு ஏது இடம்?

வீட்டுக்கு இரண்டாவது குழந்தை வரும் சமயம் இதற்கு மிகச் சிறந்த வாய்ப்பு. “தொடாதே, தள்ளிப் போ” என்று மூத்ததை விரட்டுவதைவிட, “பாப்பா ஏன் அழுகிறாள், பசியா, குளிரா, நீயே சொல்” என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன்னும் கரோல் கென்ட்ரிக்கும் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கைக்குழந்தையின் தேவைகளையும் உணர்வுகளையும் மூத்த குழந்தையிடம் பேசிய வீடுகளில், ஓராண்டுக்குப் பிறகும் பிள்ளைகளிடையே நேசம் கூடுதலாக இருந்தது.

பெரியவர்கள் ஒருவரையொருவர் நடத்துவதைப் பிள்ளைகள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கு வரும் அக்காவைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் வீட்டையும், அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அப்பா குடிப்பவர், அம்மா நோயாளி என்ற வீட்டில் எட்டு வயதிலேயே சமைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, அம்மாவின் கண்ணீரையும் துடைக்கும் பெண்குழந்தையை “எவ்வளவு பொறுப்பு!” என்று ஊரே மெச்சும். எனக்கு அந்தக் குழந்தையைப் பற்றித்தான் கவலை. விளையாட்டு, தூக்கம், படிப்பு ஆகியவற்றைத் தின்றுவிடும் பொறுப்பு அன்பை வளர்ப்பதில்லை, அச்சத்தை வளர்க்கிறது. வேலை குழந்தையின் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். செய்யத் தவறினாலும் வீடு இடிந்துவிடாது என்ற நம்பிக்கை அதற்கு இருக்க வேண்டும்.

பதினைந்து வயதாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: உபதேசம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மீனோ காயோ வாங்க அவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தாத்தாவின் மாத்திரை டப்பாவை வாரந்தோறும் நிரப்பும் பொறுப்பை அவனிடமே விடுங்கள். முதலில் முணுமுணுப்பான், ஒரு வேளை மறந்தும் போவான். நீங்கள் சரிபாருங்கள், ஆனால் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றாலும் கால் மணி நேர வேலையால் மதிப்பெண் குறையாது.

ஆனால் இதுவரை பாசமாக இருந்த பிள்ளை திடீரென்று எல்லாரிடமிருந்தும் ஒதுங்கி, தூக்கமும் சாப்பாடும் மாறி, எதிலும் ஆர்வமின்றி இருந்தால் அதை அலட்சியம் என்று எண்ணித் திட்டாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம். சின்னக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்காமல், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.