“உச்சவரம்புதான் இருக்கிறதே” என்று இனியும் எழுதாதீர்கள்

சென்ற சனிக்கிழமை ஒரு மாணவர் தன் முதுநிலை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பி, பிழை பார்த்துத் தரச் சொன்னார். ஜெர்மனி அணுமின்சாரத்தைக் கைவிட்டது பற்றிய ஆய்வு. இரண்டாம் பக்கத்திலேயே அந்த வாக்கியம் வந்துவிட்டது: ஐரோப்பிய உமிழ்வு வர்த்தகத்தில் (ஆலைகள் வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் உரிமம் ஒப்படைக்கும் ஏற்பாடு) மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இருப்பதால், அணு உலைகளை மூடியதால் காற்றில் கூடுதலாக ஒரு டன் கரியமில வாயுகூடச் சேரவில்லை. உடனே தொலைபேசியில் அழைத்தேன். “அக்கா, எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?” என்றார்.

ஆம், எழுதுகிறார்கள். இந்த ஆண்டில் மட்டும் இதே வாக்கியத்தை நான்காவது முறையாகத் திருத்துகிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் ஜெர்மனியின் மேற்கில், ரைன் நதிப் பகுதியில் வேலை செய்கிறேன். மின் நிலையங்களும் ஆலைகளும் எழுதும் ஆண்டு உமிழ்வு அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஜனவரியில் தொடங்கினால் மார்ச் 31 வரை மூச்சு விட நேரமிருக்காது. புகைக்கூண்டின் உச்சியில் கருவி வைத்து அளக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. உள்ளே போன கரியின் எடை, அதிலிருந்த கரிமத்தின் அளவு, எரிந்த விகிதம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுகிறோம். ஆகவே என் நாட்கள் கரி ஓடும் பட்டையின் எடைமானிக்கு அருகிலும் ஆய்வகச் சீட்டுகளுக்கு நடுவிலும் கழிகின்றன. நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குப் பழுப்பு நிலக்கரியை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே வெட்டும் கரியில் பாதி எடை தண்ணீர்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

முதலில், மாணவரின் வாக்கியத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களின் தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறவினர் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. ராட்சத வெட்டு இயந்திரம், அதன் கீழே இடிபட்ட வீடுகள், “அணு உலையை மூடிய ஜெர்மனி நிலக்கரிக்குத் திரும்பியது” என்ற தலைப்பு. 2023 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத்துக்காக இடிக்கவிருந்த லூட்ஸராத் என்ற சிற்றூரிலிருந்து போராட்டக்காரர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது உண்மை. 2022-ல் ரஷ்ய எரிவாயு நின்றபோது, ஒதுக்கி வைத்திருந்த நிலக்கரி ஆலைகள் சிலவற்றை மறுபடி இயக்கியதும் உண்மை. ஆனால் கடைசி மூன்று உலைகளும் 2023 ஏப்ரல் 15-ல் நின்ற பிறகு நிலக்கரி மின்சாரம் குறைந்தது. 2023-ல் அது 2010-ல் இருந்ததில் பாதிக்கும் சற்றுக் குறைவு. நாடு பயன்படுத்திய மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்று, சூரிய ஒளி போன்றவற்றிலிருந்து வந்தது. படத்தைப் பகிர்பவர்கள் இதையும் சேர்த்துப் பகிரட்டும்.

ஆனால் என்னை உறங்கவிடாதது அந்தப் படம் அல்ல. மாணவரின் வாக்கியம்தான். படித்தவர்கள் எழுதுவது, ஆய்வேடுகளில் நுழைவது, அமைச்சர்கள் வாயிலும் வருவது. பாதி உண்மை என்பதால் அதைப் பிடுங்கி எறிவது கடினம்.

ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள தண்ணீர்தான் ஐரோப்பா முழுவதற்குமான உமிழ்வு உரிமங்கள். ஒரு டன்னுக்கு ஓர் உரிமம். வயல்கள் என்பவை அனல் மின் நிலையங்கள், உருக்காலைகள், சிமெண்ட் ஆலைகள். 2005-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், 2013 முதல் கண்மாய்க்கு வரும் தண்ணீர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். ஒரு வயல் தரிசாகக் கிடந்தால் அதன் பங்கு தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். மொத்தம் மாறாது. மாணவர் சொல்வது இந்த மட்டும் சரி.

அணு உலை இந்த ஆயக்கட்டில் இல்லவே இல்லை. அது கிணற்றுப் பாசனம். அதற்கு உரிமம் தேவையில்லை. கிணற்றை மூடினால் கண்மாயிலிருந்து ஒரு சொட்டும் குறையாது. அந்த வயலும் கண்மாயை நம்பி வந்து நிற்கும். 1,400 மெகாவாட் உலை ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி யூனிட் தரும். அதன் இடத்தைப் பழுப்பு நிலக்கரி நிரப்பினால் ஆண்டுக்கு 1.1 கோடி டன். 2011-ல் ஃபுகுஷிமா விபத்தை அடுத்து ஜெர்மனியில் எட்டுக் கிணறுகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன.

அப்போது கண்மாய் எப்படி இருந்தது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. ததும்பிக்கொண்டிருந்தது. 2008 பொருளாதாரச் சரிவில் ஆலைகளின் உற்பத்தி விழுந்தது, உரிமங்களின் எண்ணிக்கையோ முன்பே நிர்ணயித்தபடி வந்துகொண்டிருந்தது. 2013-ல் யாருக்கும் தேவைப்படாத உபரி சுமார் 210 கோடி. ஓர் உரிமத்தின் விலை 5 யூரோவுக்கும் கீழே போனது. அந்த விலைக்கு எந்த நிலக்கரி ஆலை தன்னை நிறுத்திக்கொள்ளும்? அந்த ஆண்டு ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரி மின்சாரம் 1990-க்குப் பிறகு காணாத உச்சத்தைத் தொட்டது. ஏறத்தாழ 16,000 கோடி யூனிட். உச்சவரம்பு காகிதத்தில் இருந்தது. யாரையும் அது கட்டுப்படுத்தவில்லை.

“சரி, அன்று எரித்ததற்கான உரிமங்கள் பின்னாளுக்கு மிஞ்சியிருக்கும் உபரியிலிருந்துதானே போயின, கணக்கு நேராகிவிட்டதே” என்பது அடுத்த வாதம். நேராகவில்லை. 2019-ல் கண்மாய்க்குக் கலிங்கு கட்டினார்கள். உபரி 83.3 கோடியைத் தாண்டினால், மொத்த உபரியில் 24 சதவீதம் ஆண்டுதோறும் ஒரு தனிக் கையிருப்புக்குப் போகும் என்பது அன்றைய விதி. கையிருப்பும் அளவுக்கு மிஞ்சினால், மிஞ்சிய உரிமங்கள் செல்லாதவையாகும். 2023 ஜனவரி 1 அன்று அப்படிச் செல்லாமல் போனவை சுமார் 250 கோடி. ஆகவே 2013-லோ 2015-லோ எரிக்காமல் விட்டிருந்த ஒவ்வொரு டன்னும் கண்மாயில் நின்று, மட்டத்தை உயர்த்தி, அதில் பெரும்பகுதி கலிங்கு வழியே வழிந்து ஒரேயடியாக ஒழிந்திருக்கும். எரித்ததால் மட்டம் தாழ்ந்தது, வழிந்தது குறைந்தது. அந்த வித்தியாசம் காற்றில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னதும் நான் அணுமின்சாரக் கட்சி என்று முத்திரை குத்துகிறார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை. 1975-ல் வீல் கிராமத்து திராட்சைத் தோட்டக்காரர்கள் உலை கட்டவிருந்த இடத்தை மறித்து உட்கார்ந்ததும், 1986-ல் செர்னோபில் மேகம் பவேரியா மீது மழையாக இறங்கியதும் இந்த மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தவை. அந்த அச்சத்தை இளக்காரம் செய்ய எனக்கு மனம் வராது. உலையை மூட அவர்கள் எடுத்த முடிவு ஜனநாயக முடிவு. என் கோபம், எதை முதலில் மூடுவது என்று அவர்கள் வைத்த வரிசை மீது. 2011-ல் எழுதிய சட்டம் அணுமின்சாரத்துக்கு 2022 என்று முடிவுநாள் குறித்தது. நிலக்கரிக்கு 2020-ல்தான் சட்டம் வந்தது, அதில் குறித்த கடைசி ஆண்டு 2038.

இடையில் ஒரு நல்ல வாய்ப்பு வந்து கை நழுவியது. 2015-ல் பொருளாதார அமைச்சர் ஸிக்மார் கேப்ரியேல் ஒரு திட்டம் வைத்தார். இருபது ஆண்டுக்கு மேல் பழைய ஆலைகள் ஓர் அளவுக்கு மேல் புகை விட்டால், வழக்கமான உரிமங்களுக்கு மேல் கூடுதல் உரிமங்களை ஒப்படைக்க வேண்டும், அவை நிரந்தரமாக அழிக்கப்படும். என்னைப் போன்ற தொழில்காரர்களுக்கு அதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது. தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாமல் மடையை அடைக்கும் முதல் முயற்சி அது. ஏப்ரலில் சுரங்கத் தொழிற்சங்கத்தினர் பெர்லினில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. பதிலாக 2,700 மெகாவாட் பழைய ஆலைகளைக் காத்திருப்பில் நிறுத்தி, உரிமையாளர்களுக்கே பணம் கொடுத்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் நிலக்கரிப் பகுதியில் சுரங்கம் போனால் ஊரே போகும் என்று அழுத தொழிலாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். பின்னால் நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்களே, அதை 2015-லேயே பேசியிருந்தால் என்ன?

அபராதம் பற்றியும் ஒரு வார்த்தை. “காசு கட்டிவிட்டுப் புகை விடலாம்” என்பது மற்றொரு பிழை. உரிமம் ஒப்படைக்காத ஒவ்வொரு டன்னுக்கும் குறைந்தது 100 யூரோ அபராதம், அதைக் கட்டிய பிறகும் அந்த உரிமத்தை வாங்கி ஒப்படைத்தே தீர வேண்டும். கடன் தீராது. ஒப்படைக்கும் கெடு முன்பு ஏப்ரல் 30 ஆக இருந்தது, 2024 முதல் செப்டம்பர் 30. பழைய தேதியை இன்னும் எழுதுகிறவர்கள் தயவுசெய்து மாற்றுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. ஜெர்மனியின் நிலக்கரி பற்றி ஒரு வரி எழுதுமுன் எந்த ஆண்டு என்று கேளுங்கள். 2013-ஐயும் 2023-ஐயும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். விலையையும் பாருங்கள்: 5 யூரோவில் நடந்த உலகம் வேறு, 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்ட உலகம் வேறு. 2023-ல் ஜெர்மனி மின்சாரத்தை இறக்குமதி செய்தது என்றால், பற்றாக்குறை என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். உரிம விலை ஏறியதால் உள்ளூர்க் கரியைவிட அண்டை நாட்டு மின்சாரம் பல மணி நேரங்களில் மலிவாக இருந்தது. ஓர் ஆலை மூடப்பட்டது என்ற செய்தி வந்தால் கைதட்டுமுன் ஒரே கேள்வி: அதன் உரிமங்கள் ரத்து செய்யப்பட்டனவா? 2018 திருத்தத்துக்குப் பிறகு, ஆலையை மூடும் நாடு, தான் ஏலம் விட வேண்டிய பங்கிலிருந்து உரிமங்களை ரத்து செய்ய வழி இருக்கிறது. ஜெர்மனியின் நிலக்கரிச் சட்டமும் அதைச் சொல்கிறது. சட்டத்தில் இருப்பதால் நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆண்டுதோறும் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023-ல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கார்பன் வர்த்தகத் திட்டத்தில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு டன் சிமெண்டுக்கு, ஒரு டன் எஃகுக்கு இவ்வளவு என்ற இலக்குதான். ஐரோப்பியக் கட்டுரையிலிருந்து “உச்சவரம்பு” என்ற சொல்லை எடுத்து அங்கே ஒட்டாதீர்கள். கண்மாயே வேறு.

மாணவருக்கு அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். 2011 முதல் 2022 வரை ஆண்டுவாரியாக உபரி எவ்வளவு, விலை எவ்வளவு, நிலக்கரி யூனிட் எவ்வளவு என்று மூன்று வரிசைகளில் எழுதி, அதன் பிறகு அந்த வாக்கியம் நிற்குமா என்று அவரே முடிவு செய்யட்டும் என்று சொல்லியிருக்கிறேன். “அக்கா, புதன்கிழமைக்குள் தருகிறேன்” என்றார்.