நகல் எது, போலி எது: ஒரு மரப்பட்டறையிலிருந்து

அறைகலன் வடிவமைப்பும் பட்டறையும் என் தொழில். அண்மைக் காலமாக வாடிக்கையாளர்கள் கைபேசியில் ஒரே நாற்காலியைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். கவராயம் போல விரிந்த தேக்குக் கால்கள், இருக்கையிலும் சாய்மானத்திலும் பிரம்புப் பின்னல். "இதே மாதிரி ஆறு செய்து தாருங்கள்" என்று கேட்கும் பலருக்கு, அது சண்டிகர் நகரத்துக்காக 1950களில் உருவான நாற்காலி என்பதோ, அதை வடிவமைத்தவராகப் பியர் ஜான்னரே அறியப்படுகிறார் என்பதோ தெரியாது.

சண்டிகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் உறவினரான ஜான்னரே 1951 முதல் 1965 வரை சண்டிகரிலேயே தங்கி வேலை செய்தார். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் தேவைப்பட்ட ஆயிரக்கணக்கான இருக்கைகளை வரைபடத்தைப் பார்த்துப் பல பட்டறைகள் செய்தன. அதனால் ஒரே வகை நாற்காலியிலேயே கட்டையின் பருமனும் காலின் சாய்வும் ஒன்றுக்கொன்று சற்று மாறியிருக்கும். பிற்காலத்தில் அவை உடைந்து மொட்டைமாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. கழிவு மரமாக ஏலம் போனவற்றை வாங்கிப் பழுதுநீக்கிய வெளிநாட்டு வணிகர்கள், பாரிசிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். இவற்றை விற்கவோ நாட்டைவிட்டு வெளியே அனுப்பவோ கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2011இல் உத்தரவிட்டது.

விலை ஏறிய இடத்தில் போலி முளைக்கும். ஒரு தரகர் என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன். புதுத் தேக்கு வேண்டாம், இடித்த வீட்டின் உத்தரக் கட்டையே போதும். கால் நுனிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்க வேண்டும். பிரம்பை டீத்தூள் டிகாஷனில் ஊறவைத்துப் பழுப்பேற்ற வேண்டும். கடைசியாக, பின்புறத்தில் வெள்ளைப் பெயின்டால் சில எழுத்துகளும் எண்ணும் எழுத வேண்டும். அந்த எழுத்துகள் எந்த அலுவலகத்துச் சொத்து என்று காட்ட அக்காலத்தில் இடப்பட்ட இருப்புக் குறிகள். இன்று வாங்குபவர் அதைப் பார்த்துத்தான் பழையது என்று நம்புகிறார். அந்த வேலையை நான் ஏற்கவில்லை. மற்றவை எல்லாம் மரவேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், அந்த எழுத்துகளை எழுதும் கை ஓர் ஆவணத்தையே பொய்யாக்குகிறது.

அப்படியானால் வடிவத்தைப் பின்பற்றுவதே தவறா? இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, பதிவு செய்த வடிவத்துக்குப் பத்து ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பது பிரதிகளுக்கு மேல் செய்துவிட்டால், அதன்மீதான பதிப்புரிமையும் முடிந்துவிடும். பிரிட்டனில் 25 ஆண்டுகளாக இருந்த பாதுகாப்பு, 2016இல் வடிவமைத்தவரின் ஆயுளுடன் 70 ஆண்டுகள் என்று நீண்டது. ஒரே நாற்காலியைச் செய்வது ஓர் ஊரில் தொழிலாகவும் இன்னோர் ஊரில் குற்றமாகவும் இருக்க முடியும் என்பதால், சட்டம் தடுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து மனச்சாட்சியை அமைதிப்படுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை.

அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியரான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1956இல் வெளியிட்ட சாய்வு நாற்காலியை அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனமும் ஐரோப்பாவில் வித்ரா நிறுவனமும் உரிமம் பெற்று இன்றும் செய்துவருகின்றன. அதை யாரும் மறைத்து வைக்கவில்லை, கடையில் கிடைக்கிறது. அதன் நகலைச் செய்வதில்லை என்று நான் முடிவெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழுதுபார்க்க வந்த ஒரு நகலைக் கழற்றிப் பார்த்தேன். மூலத்தில் சாய்மானத்தைக் கைப்பிடியோடு சேர்ப்பவை ரப்பர் தாங்கிகள்; உட்காருபவர் சாயும்போது அவை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். நகலில் அந்த இடத்தில் வெறும் திருகாணி. ஒவ்வொரு முறை சாயும்போதும் அது ஒட்டுப்பலகையைக் கிழித்து, அடுக்குகள் பிளந்து நின்றன. படத்தைப் பார்த்து வளைவை எடுத்துவிடலாம். அந்த வளைவு ஏன் தாங்குகிறது என்பது படத்தில் தெரியாது.

சண்டிகர் வடிவத்தை நான் செய்கிறேன். அந்த நாற்காலிகளை அறுத்து, இழைத்து, பின்னிய தச்சர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களின் பங்கும் வெகுகாலம் பேசப்படவில்லை. பல கைகள் சேர்ந்து, பொதுப் பணத்தில், பொதுமக்கள் உட்காருவதற்காக உருவாக்கிய வடிவத்தை இன்னொரு தச்சர் செய்வதில் எனக்குத் தடை தெரியவில்லை, அவர் அதை மறைக்காத வரை. வாங்குபவர்களும் யார் செய்தது, எந்த ஆண்டு, என்ன மரம் என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஒரிஜினல்" என்று வாயால் சொல்லிவிட்டு எழுதித் தரத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் ரசீதில் "சண்டிகர் நாற்காலியைத் தழுவிப் புதிதாகச் செய்தது" என்று எழுதுகிறோம். இருக்கைச் சட்டத்தின் அடியில் பட்டறையின் பெயரும் ஆண்டும் பழுக்கக் காய்ச்சிய முத்திரையால் பதியும். அதை மட்டும் விட்டுவிடும்படி கேட்பவர்கள் உண்டு. அந்த ஆர்டர்களை நாங்கள் எடுப்பதில்லை.