கோழி அடைக்குப் படுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நேற்று வரை முட்டையிட்ட கையோடு கொக்கரித்துக்கொண்டு வெளியே ஓடிய கோழி, இன்று கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. குரலும் மாறி, தொண்டைக்குள்ளேயே 'கொர்க் கொர்க்' என்கிறது. கோழி அடைக்கு வந்துவிட்டது. தென்மாவட்டங்களில் இதை அவயம் என்பார்கள். இனி கொஞ்ச நாளைக்கு முட்டை கிடையாது.

வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவரின் வரவு செலவு இந்த இடத்தில்தான் முடிவாகிறது. சிறுவிடை என்ற நாட்டு இனக் கோழி ஒன்று ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டை இடும். அப்புறம் 21 நாள் அடை, அதன் பிறகு இரண்டு மாதம் குஞ்சு மேய்ப்பு. ஆக ஒரு சுற்றுக்கு நூறு நாள் போய்விடுகிறது. வருடத்துக்கு ஐம்பது, அறுபது முட்டைதான் தேறும். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் கோழியோ 300 முட்டை இடுகிறது. அடைக்குப் படுக்காத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. அடைகாக்கும் வேலையை அங்கே இயந்திரம் பார்த்துக்கொள்கிறது.

அடைக்குக் காரணம் புரோலாக்டின் என்ற ஹார்மோன். கோழி முட்டைகளின் மேல் உட்காரும்போது, அடிவயிற்றில் இறகு உதிர்ந்த வெறும் தோலில் முட்டை படுகிறது. அந்தத் தொடுவுணர்வு மூளைக்குப் போக, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது ஏற ஏற, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் குறைகின்றன. திராட்சைக் கொத்து போலிருந்த சினைப்பை சுருங்கிப்போகிறது. உட்கார்ந்தால் ஹார்மோன் ஏறும், ஹார்மோன் ஏறினால் இன்னும் உட்காரத் தோன்றும். கோழி ஒரு நாளைக்கு ஓரிரு முறை மட்டும் இறங்கி, அவசரமாகக் கொத்திவிட்டு, ஒரு பெரிய எச்சமிட்டுத் திரும்பும். உடல் இளைத்துவிடும்.

அடை தெளிய வைக்கக் கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு செருகுவதும் ஊர்ப்பக்கம் உண்டு. இறகு செருகுவது வீண் வதை. இந்த ஹார்மோன் சங்கிலியை அறுக்க, கோழியைக் கூட்டிலிருந்தும் முட்டையிலிருந்தும் பிரித்தாலே போதும். தரையிலிருந்து உயர்த்திய கம்பிவலைக் கூண்டில், வயிற்றுக்கடியில் காற்றோடும்படி மூன்று நான்கு நாள் விடுங்கள். தீனி, தண்ணீர் வழக்கம்போல. தொடுவுணர்வு நின்றதும் புரோலாக்டின் இறங்கும். சினைப்பை மறுபடி வளர்ந்து சில வாரங்களில் முட்டை வரும்.

குஞ்சு வேண்டுமென்றால் அதே கோழியை உட்கார விடலாம். ஆனால் குஞ்சு பொரிப்பதில் பல தோல்விகள் அடைக்கு முன்பே நடந்துவிடுகின்றன. தாயின் உடல் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் இருந்துவிட்டு வருவதால், இட்ட முட்டைக்குள் கரு ஏற்கெனவே பல ஆயிரம் செல்களாகப் பெருகியிருக்கிறது. சுற்றுச்சூடு 20 டிகிரியை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ இருந்தால் அது அப்படியே உறங்கும். சித்திரை வெயிலில் 35 டிகிரி அறையில் கிடந்தால் உறங்கவும் முடியாமல், ஒழுங்காக வளரவும் முடியாமல் செத்துப்போகும். கோடையில் கூமுட்டை அதிகமாவதற்கு இது பெரிய காரணம். கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வைத்து இடியிலிருந்து முட்டையைக் காப்பது பழைய வழக்கம். உண்மையில் காக்க வேண்டியது வெயிலிலிருந்து. ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் முட்டையை வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைக்கு வையுங்கள். கழுவ வேண்டாம். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடியிருக்கும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும், கிருமி புகும்.

ஏழாம் நாள் இரவு, டார்ச் வெளிச்சத்தின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் பிரியும் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறுமனே மஞ்சளாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். கோழி அடிக்கடி அலகால் முட்டைகளைப் புரட்டுவதும் காரணத்தோடுதான். ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு முதலில் உடைப்பது ஓட்டை அல்ல, அகன்ற முனையிலுள்ள காற்றறையின் சவ்வை. அதுவரை ஓட்டை ஒட்டிய ரத்தக்குழாய்கள் வழியாக மூச்சு வாங்கிய குஞ்சு, அங்கேதான் முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சிடும்; தாய் பதில் குரல் கொடுக்கும். கீறல் விழுந்த பின் முழுசாக வெளிவரப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, ரத்தக்குழாய்கள் வற்றுகின்றன. பாவப்பட்டு ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும். உள்ளே போன மஞ்சள் கருவால் இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். கடைசி முட்டை பொரியும் வரை தாய் கூட்டிலேயே இருக்க முடிவது அதனால்தான்.

குஞ்சுகளைச் சில நாளில் பிரித்து பல்புச் சூட்டில் வளர்த்தால் தாய் சீக்கிரமே முட்டைக்குத் திரும்பும். வருடத்துக்கு இன்னும் இரண்டு சுற்று கிடைக்கும். குஞ்சுகள் பல்புக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், விலகி ஓடினால் சூடு. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைத் தவறவிடக் கூடாது.

பொரித்ததில் பாதி சேவலாக இருக்கும், அது கறிக்கு. பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். நாட்டுச்சேவல் ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாதம் வேண்டும். அத்தனை மாதம் ஓடியாடிய தசையில் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்திருக்கும். அதனால்தான் குக்கரில் கூடுதல் விசில் கேட்கிறது.

அடுத்த தலைமுறைக்குச் சேவலை வேறு ஊரிலிருந்து மாற்றிக்கொள்வது நல்லது, இல்லையென்றால் உறவுக் கலப்பில் பொரிப்புத் திறன் சரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டைக்கோழி தன் கருக்குழாயின் நுண்ணிய மடிப்புகளில் விந்தணுக்களை இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் சேமித்து வைத்திருக்கும். பழைய சேவல் போன பிறகும் அதன் குஞ்சே வரலாம். எனவே புதுச் சேவலை விட்டு மூன்று வாரம் வரை வரும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இடுவதை அடைக்குச் சேர்த்து வையுங்கள்.